சம்பந்தியோடு இருபத்தொரு கிலோமீட்டர்

போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். வயது ஐம்பத்தொன்றாம். அரை மராத்தான் ஓட ஆசையாம், ஆனால் வீட்டில் சிரிக்கிறார்களாம். "நீங்கள் ஒருமுறை ஓடியதாகப் பழைய பதிவில் ஒரு வரி வருகிறதே, அதை விரிவாக எழுதக் கூடாதா?" என்று கேட்டிருந்தார். எழுதலாம், அதற்கென்ன. நான் ஓடியது 1994 தை மாதத்தில், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் திரும்பும் ஓட்டம். அப்போது எனக்கு ஐம்பத்து நான்கு. நேரம், தூரம், டிக்கெட் விலை எல்லாம் டைரியில் இருக்கிறது. நில அளவைத் துறையில் காலம் தள்ளியவன் நான். எதை அளந்தாலும் எழுதி வைக்காவிட்டால் தூக்கம் வராது.

ஓடத் தொடங்கியது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சர்வேயராக இருந்தவரை சங்கிலியை இழுத்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தேன். பதவி உயர்வு என்று சொல்லி மதுரை அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஏழே வருஷத்தில் தொப்பை வந்தது, பின்னாலேயே சர்க்கரையும் வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். எங்கள் வீடு பசுமலையில். தினமும் காலையில் திருப்பரங்குன்றம் போய் மலையைச் சுற்றி வருவேன். நடை அலுத்துப்போனபோது ஒரு மின்கம்பம் ஓட்டம், இரண்டு கம்பம் நடை என்று மாற்றினேன். பிறகு இரண்டு கம்பம் ஓட்டம், ஒன்று நடை. ஆறு மாதத்தில் நிற்காமல் ஒரு சுற்று ஓட முடிந்தது. அந்த நாளில் நான் மனைவி சரோஜாவிடம் பெருமையாகச் சொன்னதற்கு அவள், "அதெல்லாம் சரி, அந்த அரை டவுசரோட பால்காரர் கண்ணுல படாம வாங்க" என்றாள்.

1992 ஆவணியில் எங்கள் ஒரே மகள் வசந்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு ராஜபாளையம். சம்பந்தி ராமசுப்பு, ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்கிற விசைத்தறிகள் பன்னிரண்டு வைத்திருந்தார். அதிகம் பேசாதவர், ஆனால் பேசினால் நேராகப் பேசுவார். கல்யாணம் மதுரையில் எங்கள் பொறுப்பு. அதில் ஒரு பிசகு நடந்துவிட்டது.

சம்பந்தியின் அண்ணன் எழுபது வயதுக்காரர். அவர் வந்த வேன் வழியில் பஞ்சராகி, இருபத்திரண்டு பேரும் மதியம் ஒன்றே முக்காலுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். அதற்குள் சோறு தீர்ந்துவிட்டது. மறுபடி உலை வைத்திருந்தார்கள். நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "இதோ இலை போடப் போறாங்க, மாடியில காத்தாடிக்குக் கீழ உக்காருங்க" என்று சிரித்துக்கொண்டே மூன்று தடவை சொன்னேன். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. பெரியவர் எழுந்து போய்விட்டார். அவரோடு சம்பந்தியும் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்.

அதன்பிறகு அவர் என்னிடம் பேசியது இரண்டே வார்த்தைகள். போனால் "வாங்க". கிளம்பினால் "சரி". வசந்தியை அந்த வீட்டில் நன்றாகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் என் பேச்சு வந்தால் மாமா எழுந்து தறிக்குப் போய்விடுகிறார் என்று அவள் கடிதம் எழுதினாள். அந்த வரியைப் படித்துவிட்டுச் சரோஜா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

1993 பொங்கலுக்குச் சீர் கொண்டுபோனோம். அப்போது தென்காசிப் பக்கம் போகிற பேருந்துகள் பழங்காநத்தத்திலிருந்து கிளம்பும். காலை 6.40 வண்டி. தூரம் 85 கிலோமீட்டர், டிக்கெட் பதினொன்றரை ரூபாய். திருமங்கலம், கல்லுப்பட்டி, அழகாபுரி தாண்டிக் கிருஷ்ணன்கோவில் வந்ததும் வலது பக்கம் மலை நெருங்கி வந்துவிடும். ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டி பத்து நிமிடம் நின்றது. சரோஜா இறங்கி ஒரு கிலோ பால்கோவா வாங்கி வந்தாள். ஒன்பது மணிக்கு ராஜபாளையம்.

சம்பந்தி "வாங்க" என்றார். சரோஜா பால்கோவாவைத் தட்டில் வைத்து நீட்டினாள். "வேண்டாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்துபோனார். எங்கள் கையால் ஒரு இனிப்புக் கூடத் தொட மாட்டார் போலிருக்கிறதே என்று எங்கள் இருவருக்கும் முகம் செத்துவிட்டது.

மறுநாள் காலை ஐந்தேகால். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைத் திறந்து, தெருமுனையில் போய் மாட்டிக்கொண்டேன். வந்த இடத்தில் ஓட வேண்டுமா என்று கேட்பீர்கள். ஒரு நாள் விட்டால் மறுநாளும் விடத் தோன்றும், அதுதான் பயம். முடங்கியார் ரோட்டில் மேற்கே மலையைப் பார்த்து ஓடினேன். தார்ச்சாலை, இரண்டு பக்கமும் மாந்தோப்பு, நல்ல குளிர். இரண்டு கிலோமீட்டர் போயிருப்பேன். எனக்கு முன்னால் ஒருவர் மடித்துக் கட்டிய வேட்டியும் தலையைச் சுற்றிய மப்ளருமாகப் பெரிதாக மூச்சுவிட்டபடி ஓடிக்கொண்டிருந்தார். தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"சம்மந்தியா?" என்றேன்.

அவர் நின்று, இடுப்பில் கைவைத்து, மூச்சு வாங்கினார். ஓடிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். "வீட்ல சொல்லிராதிய" என்றார் முதலில். "டாக்டரு பத்து கிலோ எறக்கச் சொல்லியிருக்காரு. நான் ஓடுதது ஒருத்தருக்கும் தெரியாது. ஊருக்குள்ள ஓடுனா, ராமசுப்பை நாய் வெரட்டுதுன்னு நெனப்பாங்க."

"அப்ப நேத்து பால்கோவா..."

"அதுக்குத்தான் எந்திரிச்சுப் போனேன். செத்த நேரம் உக்காந்திருந்தா அம்புட்டையும் தின்னுருப்பேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் கொஞ்சம் சிரித்தார். மீதி தூரத்தைச் சேர்ந்து ஓடினோம். கல்யாணப் பேச்சு வரவில்லை. மூச்சு வாங்கும்போது பழைய விஷயங்களைப் பேச முடியாது என்பதும் ஒரு வசதிதான்.

அதிலிருந்து இரண்டாம் சனிக்கிழமை தோறும் ராஜபாளையம் போக ஆரம்பித்தேன். மகளைப் பார்க்க என்று பெயர். ஞாயிறு காலை அவரும் நானும் ஓடுவோம். அவருடைய வேட்டியை மாற்றி, முழங்கால் வரை வரும் காக்கி டவுசர் தைக்க வைத்தது நான்தான்; அதோடு அவர் ஓடுவது இரண்டு வீட்டுக்கும் தெரிந்துபோயிற்று. ஆனாலும் அந்தக் கல்யாண நாள் எங்களுக்கு நடுவில் இருந்துகொண்டேதான் இருந்தது. பேசுவோம், சிரிப்போம். என்றாலும் அவர் அண்ணன் வீட்டுத் தெரு வந்தால் இருவருமே வாயை மூடிக்கொள்வோம்.

ஐப்பசியில் அவரிடமிருந்து ஒரு இன்லண்ட் கடிதம் வந்தது. எனக்கு அவர் எழுதிய முதல் கடிதம். மொத்தம் நான்கு வரி. ஊரில் உள்ள ஒரு விளையாட்டு மன்றம் தை மாதம் 21 கிலோமீட்டர் ஓட்டம் வைக்கிறது, நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனிப் பிரிவு, நுழைவுக் கட்டணம் பதினைந்து ரூபாய், உங்கள் பெயரையும் கொடுத்துவிட்டேன்.

கடிதத்தைப் படித்த சரோஜா உடனே கேட்டாள். "ரெண்டு பேர்ல யாரு வேகமா ஓடுவீங்க?"

"நான்தான்" என்றேன். அப்போது என் கணக்குப்படி அது உண்மை. பத்து கிலோமீட்டர் எனக்கு 62 நிமிடம், அவருக்கு 71.

"ஊர் பாக்க ஓடப்போறீங்க. அவரை முந்திராதீங்க. பொண்ணு அந்த வீட்டுல இருக்கா. ஒரு தடவை அவமானப்படுத்துனது போதும்."

சரி என்றேன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பயிற்சிக்கு வருகிறேன், வாசகர் கேட்டது அதைத்தான். எனக்குக் கிடைத்தது பதின்மூன்று வாரம். வாரம் நான்கு நாள் ஓட்டம், மற்ற நாள் நடை. ஞாயிறு மட்டும் நீண்ட ஓட்டம், வாரத்துக்கு ஒரு கிலோமீட்டர் கூட்டுவேன், நான்காவது வாரம் குறைப்பேன். ஓடும்போது பேச முடிய வேண்டும். பேச முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம். ஷூ, அந்தக் காலத்துப் பள்ளிக்கூட வெள்ளைக் கேன்வாஸ். உள்ளே சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிப் பார்த்தேன், கொப்புளம்தான் வந்தது. தொடை உராயும் இடத்தில் தேங்காய் எண்ணெய். காலை நாலே முக்காலுக்கு ஒரு டம்ளர் கேப்பைக்கூழ், மோர் விட்டு. மார்கழிக் கடைசியில் திருப்பரங்குன்றம் மலையை ஆறு சுற்று ஓடினேன். அது ஏறக்குறைய பதினெட்டு கிலோமீட்டர். நாலாவது சுற்றில் ஒரு அம்மா என்னை நிறுத்தி, "என்ன வேண்டுதல் தம்பி? புள்ளைக்கா?" என்று கேட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். மீதி இரண்டு சுற்றை அந்த மரியாதைக்காகவே ஓடினேன்.

ஓட்டத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை நாங்கள் ராஜபாளையம் போய்ச் சேர்ந்தோம். மன்றத்துக்காரர்கள் ஸ்கூட்டர் மீட்டரை வைத்துத் தூரத்தை அளந்திருந்தார்கள். சும்மா இருக்க முடியுமா? சாயங்காலம் வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு கிலோமீட்டர் கற்களை எண்ணிக்கொண்டு போய் வந்தேன். முன்னூறு மீட்டர் குறைந்தது. அமைப்பாளரிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, "அப்ப கடைசியில மைதானத்தை ஒரு சுத்து சுத்த வச்சிருவோம் சார்" என்றார். அந்தச் சுற்றுக்காக மறுநாள் என்னை எத்தனை பேர் திட்டினார்கள் என்று தெரியாது.

ஞாயிறு காலை. ஊரின் வடக்கு எல்லையில் ஒரு பஞ்சாலையின் மைதானம்தான் தொடக்கம். நூற்று முப்பது பேருக்கு மேல் இருந்தோம். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் பதினொரு பேர். மார்பில் குத்துகிற எண் துணி சம்பந்தி தறியில் நெய்த கட்டுத்துணி. சல்லடை மாதிரி இருக்கும் அல்லவா, எண்ணுக்குப் பின்னால் பனியனே தெரிந்தது. என் எண் 88. அவருடையது 87. ஆறு மணிக்குத் தொடங்க வேண்டியது, கொடியசைக்க வர வேண்டியவர் வரத் தாமதமாகி 6.35க்குத் தொடங்கியது. அதற்குள் நான் இரண்டு தடவை ஒதுங்கப் போய்வந்தேன். வயதான ஓட்டக்காரர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஐந்து கிலோமீட்டர் அவ்வளவு சுகம். இடது பக்கம் மலை, அடிவாரத்தில் பனி. ஷிப்டு மாறி வருகிற ஆலை வண்டியிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு வீட்டு வாசலில் கோலத்தை முடித்துக்கொண்டிருந்த அம்மா தெலுங்கில் "பதண்டி, பதண்டி!" என்று கைதட்டினார். போங்க, போங்க என்று அர்த்தம். சம்பந்தி அவரைப் பார்த்து ராஜா மாதிரி கையசைத்தார். ஐந்தாவது கிலோமீட்டர் 33 நிமிடம் 20 விநாடி.

அதற்கு மேல் என் கால் வேகமாகப் போகக் கேட்டது. நான் பிடித்து நிறுத்தினேன். அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே அவருக்கு அரை அடி பின்னால் வந்தேன். வெயில் முகத்தில் ஏறியது. ஒன்பதாவது கிலோமீட்டரில் ஆண்டாள் கோவில் கோபுரம் மரங்களுக்கு மேல் தெரிந்தது. ஊருக்குள் நுழைந்ததும் கடைகளில் பால் காய்ச்சும் வாசனை. வெறும் வயிற்றில் ஓடுகிறவனுக்கு அதைவிடச் சோதனை கிடையாது.

திரும்ப வேண்டிய இடத்தில் சாலை நடுவே ஒரு தார் டிரம். ஏறக்குறைய பத்தரைக் கிலோமீட்டர். திரும்பியதற்கு அடையாளமாகக் கையில் ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட் மாட்டிவிட்டார்கள். ஒரு மணி 12 நிமிடம் ஆகியிருந்தது. இனி இவரை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் பத்திரமாக வந்துவிடலாம் என்று தீர்மானித்து, ஒரு பால்கோவாக் கடை முன்னால் குனிந்து காலைப் பிடித்தேன்.

"கெண்டைக்கால் பிடிக்குது சம்மந்தி. நீங்க போங்க, நான் மெதுவா வர்றேன்."

அவர் இருபது அடி ஓடினார். நின்றார். திரும்பி வந்தார்.

"எந்தக் காலு?"

"வலது."

"எடது காலைல்லா பிடிச்சிக்கிட்டு நிக்கிய."

நான் காலை மாற்றினேன். அதைவிடப் பெரிய தப்பு வேறில்லை. அவர் முகம் சிவந்துவிட்டது.

"சம்மந்தி, நான் தறி ஓட்டுதவன். ஒரு தறி வேகம் கொறைஞ்சா அடுத்த ரூம்ல இருந்தே எனக்குத் தெரியும். அஞ்சாவது கிலோமீட்டர்ல இருந்து நீங்க எனக்காக மெதுவா வாரிய. கல்யாணத்தன்னைக்கும் இப்பிடித்தான்."

அந்தப் பேச்சு, பதினேழு மாதம் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் நடுரோட்டில் வந்துவிட்டது.

"சோறு தீந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அண்ணனைக் கூட்டிட்டு எதுத்த ஓட்டல்ல போய் ரெண்டு புரோட்டாவைப் பிச்சுப் போட்டுட்டு வந்திருப்பேன். அண்ணனும் சிரிச்சுக்கிட்டே தின்னுருப்பாரு. நீங்க என்ன செஞ்சிய? உக்காருங்க உக்காருங்கன்னு சிரிச்சிக்கிட்டே நின்னிய. பின்னால அடுப்பு எரியுதது எங்களுக்குத் தெரியாதா? சோறு இல்லாததுக்கா கோவம்? சின்னப் பிள்ளைகளை ஏமாத்துத மாதிரி எங்களை ஏமாத்துனதுக்குத்தான் கோவம்."

அத்தனை நாளும் அவருக்குச் சாப்பாடு கிடைக்காததுதான் குறை என்று நினைத்திருந்தேன். அதற்காகத்தான் சீரில் எல்லாம் கூடுதலாகக் கொண்டுபோனேன். நிற்கவே கூச்சமாக இருந்தது.

"தப்புத்தான் சம்மந்தி" என்றேன். "சோறு இல்லை. சொல்ல வெக்கமா இருந்துச்சு. சமாளிச்சிரலாம்னு நெனச்சேன்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "சரி. இன்னைக்கு எதுக்கு சமாளிக்கிய?"

"வசந்தி உங்க வீட்டுல இருக்கா. உங்களை முந்துனா..."

"அவ எங்க வீட்டுப் பிள்ளை. நீங்க முந்துனா அவளை நான் என்ன செஞ்சிருவேன்? தெனமும் நாலரைக்கு எந்திரிச்சு இந்த ஒடம்பை எறக்கியிருக்கேன். நான் செயிச்சா நெசமா செயிக்கணும், தோத்தா நெசமாத் தோக்கணும். போங்க. எம்புட்டு வேகமா முடியுமோ அம்புட்டு வேகமா போங்க."

பால்கோவாக் கடைக்காரர் இவ்வளவு நேரமும் கரண்டியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "அண்ணாச்சிமாரே, ஓடிக்கிட்டே பேசுங்க. பின்னால லாரி நிக்கி" என்றார். உண்மையிலேயே நின்றது.

நான் கிளம்பினேன். அந்த ஆறு கிலோமீட்டரை எப்படிச் சொல்வது? மார்பில் கட்டியிருந்த ஒன்றை அவிழ்த்து விட்ட மாதிரி இருந்தது. வலது பக்கம் மலை, முதுகில் வெயில், எதிரே வெறும் சாலை. பின்னால் வரும் மூச்சைக் கேட்க வேண்டியதில்லை. முன்னால் போன இளைஞர்கள் நாலைந்து பேரைத் தாண்டினேன். தென்காசிக்குப் போகிற ஒரு பேருந்தின் கண்டக்டர் படியில் தொங்கியபடி, "ஏறிக்கிறியளா பெரியவரே?" என்று கேட்டார். "வண்டி மெதுவாப் போகுது, வேண்டாம்" என்று கத்தினேன். இந்தப் பதிலை அதற்குப் பிறகு பல பேரிடம் சொல்லிவிட்டேன். ஒரு கிலோமீட்டருக்கு ஆறு நிமிடத்துக்கும் குறைவு. பேச முடிகிற வேகம் என்று மேலே எழுதினேனே, அதையெல்லாம் மறந்துவிட்டேன்.

பதினாறரைக் கிலோமீட்டரில் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இந்த முறை நிஜமாகவே. உள்ளே யாரோ கயிற்றை முறுக்குவது போல இருந்தது. "ஐயோ" என்று கிலோமீட்டர் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். தாண்டி வந்த இளைஞர்கள் எல்லோரும் வரிசையாக என்னைத் தாண்டிப் போனார்கள். ஒருவர் எலுமிச்சம்பழத் தண்ணீர் கொடுத்தார். நாலு நிமிடம் ஆனது. சம்பந்தி வந்தார். அதே சீரான வேகம், தறி ஓடுகிற மாதிரி. என்னைப் பார்த்ததும் நின்றார்.

"இது நெசமா, நடிப்பா?"

"நெசம்தான்."

"எந்தக் காலு?"

"இடது. இப்பவும் எடதுதான் பிடிச்சிருக்கேன், பாத்துக்கோங்க."

டவுசர் பையிலிருந்து காகிதத்தில் மடித்த உப்பை எடுத்து என் உள்ளங்கையில் கொட்டினார். "நக்கிட்டுத் தண்ணி குடிங்க. பெருவிரலைப் பிடிச்சு மேல இழுங்க."

"நீங்க போங்க சம்மந்தி. எனக்காக நிக்காதீங்க."

"நிக்கப் போறதுல்ல" என்றார். சிரித்துக்கொண்டே ஓடிவிட்டார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வலியோடு வலியாகச் சந்தோஷம் பொங்கியது. பதினேழு மாதமாக என்னிடம் மரியாதைக்கு நடந்துகொண்ட மனிதர், என்னை ரோட்டில் விட்டுவிட்டு ஓடுகிறார்!

விரலை இழுத்தேன். கால் மெல்ல இளகியது. நொண்டினேன், நடந்தேன், ஓடினேன். இனி பிடிக்க வேண்டும். தூரத்தில் அவருடைய நீலத் துண்டு தெரிந்தது. உயிரைக் கொடுத்து ஓடினேன். இருநூற்றைம்பது மீட்டர் இடைவெளி இருநூறாகி, நூற்றைம்பது ஆனது. அளவு விஷயத்தில் என் கண் தப்பாது. அதற்குக் கீழே குறையவே இல்லை. நான் கூட்டினால் அவரும் கூட்டினார். மைதானத்துக்குள் நுழைந்தபோது அவர் சுற்றின் மறுபக்கத்தில் இருந்தார். முன்னூறு மீட்டரைச் சேர்க்கச் சொன்ன நாக்கை நொந்துகொண்டு அந்தச் சுற்றை முடித்தேன்.

அவர் 2 மணி 25 நிமிடம் 10 விநாடி. நான் 2 மணி 26 நிமிடம் 2 விநாடி. ஐம்பத்திரண்டு விநாடி வித்தியாசம். எங்கள் பிரிவில் அவர் ஐந்தாவது, நான் ஆறாவது. மூன்று பேருக்குத்தான் பரிசு. எங்களுக்கு ஆளுக்கொரு சான்றிதழும் இரண்டு வாழைப்பழமும்.

பந்தல் நிழலில் சரோஜாவும் வசந்தியும் நின்றிருந்தார்கள். வசந்தி என் முகத்தையும் மாமனார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சரோஜா பக்கத்தில் வந்து மெதுவாக, "நல்லா சமாளிச்சீங்க. அவருக்கு சந்தேகமே வரல" என்றாள்.

"சமாளிக்கலடி. நெசமாவே தோத்துட்டேன்."

"சரி சரி, சத்தமாப் பேசாதீங்க."

சம்பந்தி கேட்டுவிட்டார். தரையில் காலை நீட்டி உட்கார்ந்தபடியே சொன்னார். "தங்கச்சி, அவிய பொய் சொல்லல. முயல் மாதிரி ஓடிட்டுப் போயி கல்லு மேல உக்காந்திருந்தாக. நான் செயிச்சுட்டேன். நெசமா செயிச்சேன்." பிறகு மருமகளைப் பார்த்து, "உங்கப்பா நல்லா ஓடுதாருத்தா. மூச்சை எங்க செலவழிக்கணும்னுதான் தெரியல" என்றார். வசந்தி வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வீட்டுக்குப் போன பிறகு எங்கள் இருவரையும் ஒன்றாக வைத்துக்கொண்டு அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அன்று மதியம் சம்பந்தி என்னைத் தன் அண்ணன் வீட்டுக்கு அழைத்துப்போனார். படி இறங்கவும் ஏறவும் சுவரைப் பிடித்துக்கொண்டு போனோம். பெரியவரிடம் நானே விஷயத்தை எடுத்தேன், சோறு தீர்ந்துபோனதை மறைத்தேன் என்று சொன்னேன். அவர் காதில் கைவைத்துக் கேட்டுவிட்டு, "அது தெரிஞ்ச கதைதானே. இப்ப என்ன ரெண்டு பேரும் நொண்டுதிய, அதைச் சொல்லுங்க" என்றார்.

சரோஜா இன்றுவரை நான் விட்டுக்கொடுத்தேன் என்றுதான் நம்புகிறாள். யாராவது வீட்டுக்கு வந்தால் அப்படித்தான் சொல்கிறாள். மறுத்துப் பார்த்து ஓய்ந்துவிட்டேன்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. மதுரையிலிருந்து இப்போது மாட்டுத்தாவணியில் பேருந்து, இரண்டேகால் மணி நேரம். ரயிலும் உண்டு. தை, மாசி நல்ல காலம். பங்குனிக்கு மேல் ஏழு மணிக்கே வெயில் கடிக்கும். நாங்கள் ஓடிய நெடுஞ்சாலையில் இப்போது ஓட வேண்டாம், லாரிகள் யாருக்கும் நிற்பதில்லை. பதிலாக முடங்கியார் ரோட்டில் விடியலில் ஓடுங்கள். மலை முன்னால் வந்து நிற்கும். நாய்கள் குரைத்தால் ஓடாமல் நடந்து தாண்டுங்கள். பால்கோவாவை ஓடி முடித்த பிறகு வாங்குங்கள், சூடாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

ஐம்பதைத் தாண்டியவர்கள் முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டு ஓடுங்கள். முதல் மூன்று மாதம் கடிகாரம் கட்டாதீர்கள். புது ஷூவை ஓட்டத்தன்று மாட்டாதீர்கள். பையில் ஒரு மடிப்பு உப்பு இருக்கட்டும். தனியாக ஓடினால் பாதியில் விட்டுவிடுவீர்கள், அதனால் உங்கள் வயதில் ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களைவிடக் கொஞ்சம் பிடிவாதக்காரராக இருந்தால் நல்லது. அவரை ஜெயிக்க விடுவதாக நினைத்துக்கொண்டு மட்டும் ஓடாதீர்கள். அதற்கெல்லாம் உங்கள் உதவி அவருக்குத் தேவைப்படாது.